முள் ஒரு பக்கம், மலை ஒரு பக்கம்: சேர்வராயன் மலையில் காம்பஸ் பிசகினால் எதைப் பார்ப்பது?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு நடப்பவர்கள் வழி பிசகியதும் முதலில் சொல்வது, “காம்பஸ் தப்பாக் காட்டுது” என்பதுதான். பெரும்பாலும் அது வீண்பழி. காம்பஸைப் பிடித்த கை, டயலைத் திருப்பிய விரல், பிரிண்ட் போட்ட கடை, சட்டைப் பையில் இருக்கும் போன் என்று காரணம் வேறெங்காவது இருக்கும். கண்டுபிடிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: பிழை எப்படி நடந்துகொள்கிறது? எங்கே போனாலும் ஒரே அளவில் இருக்கிறதா, இடத்துக்கு இடம் மாறுகிறதா, நடக்க நடக்கக் கூடுகிறதா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ளவற்றை அந்தக் கேள்வியை வைத்துத்தான் பிரித்திருக்கிறேன்.

எந்தப் பிழையாக இருந்தாலும் முதல் வேலை நிற்பது. “இன்னும் கொஞ்சம் போனா தெரிஞ்சிடும்” என்று போகாதீர்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து கிளம்பி எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை வரைபடத்தின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். அப்புறம் கீழே வாருங்கள்.

வரைபடம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே நான் சொல்வது சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோபோ ஷீட் (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள்). 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ.; சமவுயரக்கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், 20 மீட்டர் உயர இடைவெளியில் போகும். பழைய எண் முறைப்படி ஏற்காடு 58 ஐ/1 ஷீட்டில், சேலம் நகரம் 58 ஐ/2 ஷீட்டில். தொல்லை என்னவென்றால், ஏற்காடு தன் ஷீட்டின் தென்கிழக்கு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. தெற்கே சில கிலோமீட்டர் போனால் ஷீட் முடிந்துவிடும், கிழக்கே போனாலும் அப்படித்தான். ஐ/1, ஐ/2, ஐ/5, ஐ/6 நான்கும் வேண்டும். ஒரே ஷீட்டோடு கிளம்பியவர்களின் பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

“எல்லாமே நேர் எதிர்த்திசையில் வருகிறது”

180 டிகிரி பிழைக்கு இரண்டே காரணம். ஒன்று, நீங்கள் காம்பஸைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறீர்கள். அடிப்பலகையில் உள்ள பயண அம்பு போக வேண்டிய பக்கத்தைப் பார்க்காமல் உங்கள் வயிற்றைப் பார்க்கிறது. அல்லது வரைபடத்தில் வைக்கும்போது போகும் இடத்திலிருந்து நிற்கும் இடத்துக்கு அம்பை வைத்துவிட்டீர்கள். அல்லது டயலுக்குள் இருக்கும் அம்புக்கூட்டில் முள்ளின் சிவப்பு முனைக்குப் பதில் வெள்ளை முனையை உட்கார வைத்துவிட்டீர்கள். மூன்றையும் வரிசையாகச் சரிபாருங்கள். அவசரத்தில் இதைச் செய்யாதவர் யாரும் இல்லை.

இன்னொன்று, முள்ளின் துருவமே மாறிவிட்டது. இப்போதெல்லாம் இது சகஜம். காந்த மூடி வைத்த போன் உறை, ஸ்பீக்கர், பவர் பேங்க் எல்லாம் காம்பஸோடு ஒரே பைக்குள் பயணம் செய்கின்றன. சோதனை எளிது: காலை வெயிலில் நின்று பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கத்தை மேற்கு என்று காம்பஸ் சொன்னால் துருவம் திரும்பிவிட்டது. இருட்டிவிட்டால், சேலத்து விளக்குகள் தெரியும் விளிம்பில் நில்லுங்கள். அவை உங்களுக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் இருக்க வேண்டும்.

மலையில் இருக்கும்வரை வெள்ளை முனையை வடக்காக வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் கூட வருபவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் இருப்பது துருவம் மாறியதைவிட ஆபத்து. வீட்டுக்கு வந்தபின் நல்ல வலுவான காந்தத்தின் தென்துருவத்தால், முள்ளின் நடுவிலிருந்து சிவப்பு முனைக்கு வெளியே போகுமாறு சில தடவை இழுத்தால் பழைய நிலைக்கு வரும். எது தென்துருவம் என்று தெரியாவிட்டால், சரியாக வேலை செய்யும் வேறொரு காம்பஸை அருகில் கொண்டுபோங்கள். அதன் சிவப்பு முனையை இழுப்பதுதான் தென்துருவம்.

“எங்கே நின்று பார்த்தாலும் ஒரே அளவு விலகல்”

மலை முழுக்க எல்லாக் கோணமும் (வடக்கிலிருந்து வலப்பக்கமாக எத்தனை டிகிரி என்று காம்பஸ் சொல்லும் திசை) 10, 15 டிகிரி ஒரே பக்கமாக விலகினால், யாரோ திருகாணியைத் தொட்டிருக்கிறார்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிசெய்யச் சில காம்பஸ்களில் ஒரு சின்ன திருகாணி இருக்கும். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர்கள் போட்ட வீடியோவைப் பார்த்து, அவர்கள் ஊர் அளவை இங்கே வைத்துவிடுகிறார்கள். சேலம் பக்கம் அந்த வித்தியாசம் 2 டிகிரிக்குள், மேற்குப் பக்கமாக. 1 டிகிரி பிசகினால் 1 கி.மீ. நடையில் 17 மீட்டர்தான் விலகும். நம் கையின் நடுக்கமே அதைவிட அதிகம். திருகாணியைச் சுழியத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள் என்பது என் கருத்து. நில அளவை செய்யப் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை.

இருவர் சொல்லும் எண்கள் சம்பந்தமே இல்லாமல் இருந்தால் டயலைப் பாருங்கள். ராணுவப் பாணிக் காம்பஸ் சிலவற்றில் வட்டம் 360 டிகிரியாக இல்லாமல் மில் என்ற சிறு அலகில் 6400 பங்காகப் பிரித்திருக்கும். “1600-ல போ” என்று ஒருவர் சொன்னால் அது கிழக்கு.

“இந்த இடத்தில் மட்டும் முள் கோணுகிறது”

இதுதான் சேலத்தில் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய சங்கதி. நகரத்துக்குத் தென்மேற்கே தனியாக நிற்கும் கஞ்சமலை மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது கலந்த குவார்ட்சைட் பாறை கொண்டது. இரும்புத் தாதுக்காகவே பேர் பெற்ற மலை. அதன் மேல் காம்பஸை வைத்துக் கோணம் எடுத்தால், நாலடி தள்ளி எடுக்கும் கோணம் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அங்கே போகிறவர்கள் காம்பஸைப் பைக்குள் போட்டுவிட்டு மலையின் வடிவத்தைப் பார்த்து நடப்பதே மேல். இன்னொரு பக்கம், சுண்ணாம்புக் கரட்டில் வெட்டும் வெள்ளைக்கல்லைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அந்த வெள்ளைக்கல்லான மேக்னசைட் முள்ளை ஒன்றும் செய்யாது. சுரங்கத்து இயந்திரங்களும் தண்டவாளமும் செய்யும்.

ஏற்காட்டு மேல்பரப்பில் பாறையைவிட மனிதர்கள் போட்ட இரும்புதான் தொல்லை. ஒவ்வொரு தோட்டத்தையும் சுற்றி முள்கம்பி வேலி. ஒவ்வொரு வேலிக்கும் ஒரு இரும்புக் கேட். நாம் சரியாக அங்கேதான் நின்று காம்பஸை எடுப்போம், ஏனென்றால் வழி பிரிவது அங்கேதான். கம்பி வேலியிலிருந்து 10 மீட்டராவது, ஜீப், கேட் போன்றவற்றிலிருந்து 15, 20 மீட்டர், உயரழுத்த மின்கோபுரத்திலிருந்து 50, 60 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். உடம்பில் இருப்பதையும் மறக்க வேண்டாம்: இடுப்புக் கத்தி, பெல்ட் கொக்கி, போன், காமிரா.

பாறை மேல் வரைபடத்தை விரித்துக் காம்பஸையும் அதன் மேல் வைத்தால், ஒருமுறை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது முள் நகர்ந்தால் பாறையில் ஏதோ இருக்கிறது.

சந்தேகம் தீரவில்லையா? நில அளவைக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. முன்கோணத்துக்கும் (இங்கிருந்து அங்கே பார்த்தது) பின்கோணத்துக்கும் (அங்கிருந்து இங்கே பார்த்தது) 180 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். என்சிசியில் வரைபட வகுப்பு படித்தவர்களுக்கு இது மனப்பாடம்: 180-க்குக் குறைவானால் கூட்டு, அதிகமானால் கழி. தோட்டத்து மேட்டில் ‘அ’ என்ற இடத்தில் நின்று, எதிர்க் கரட்டில் நிற்கும் நண்பரைப் பார்க்கிறீர்கள். அவர் நிற்கும் இடம் ‘ஆ’. கோணம் 62. அவர் உங்களைப் பார்த்தால் 242 வர வேண்டும். அவருக்கு 251 வருகிறது. 9 டிகிரி எங்கோ அதிகம். தப்பு உங்கள் இடத்திலா, அவர் இடத்திலா? மூன்றாவதாக ‘இ’ என்ற இடத்துக்கு ஒருவரை அனுப்புங்கள். நீங்கள் ‘இ’யைப் பார்க்க 118, ‘இ’யிலிருந்து உங்களைப் பார்க்க 298 என்று வந்தால் நீங்கள் இருவரும் சுத்தம். கோளாறு ‘ஆ’வில்தான். அந்த இடத்தில் நின்று எடுத்த எல்லாக் கோணங்களிலிருந்தும் 9 கழித்தால் போதும்; திரும்பப் போய் எடுக்க வேண்டியதில்லை. இதற்கு இரண்டு காம்பஸ் பயன்படுத்தினால் முதலில் இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே இலக்கைப் பார்த்து ஒத்துப் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் காம்பஸ்களின் வித்தியாசத்தைப் பாறையின் தலையில் கட்டுவோம்.

“முள் உரசுகிறது, விட்டு விட்டுத் திரும்புகிறது”

காம்பஸைச் சாய்த்துப் பிடித்திருக்கலாம். சமமாகப் பிடித்தும் முள்ளின் தென்முனை அடியில் இடிக்கிறதென்றால் அது ஐரோப்பாவுக்கென்று செய்த காம்பஸ். அங்கே பூமியின் காந்தப்புலம் வடமுனையைச் செங்குத்தாகக் கீழே இழுக்கும். அதை ஈடுகட்டத் தென்பக்கம் எடை சேர்த்திருப்பார்கள். இந்தக் கீழிழுப்பே இல்லாத காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதனால் சேலத்தில் அந்தக் கீழிழுப்பு மிகக் குறைவு. சேர்த்த எடை மட்டும் மிஞ்சித் தென்முனை தொங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் வாங்கி வந்த விலை உயர்ந்த காம்பஸ் இங்கே உரச, உள்ளூரில் வாங்கிய சாதாரணக் காம்பஸ் சுலபமாகத் திரும்புவது இதனால்தான். தென்முனைப் பக்கம் கொஞ்சம் கீழே சாய்த்துப் பிடித்தால் அன்றைக்குச் சமாளிக்கலாம். அடுத்த முறை, எல்லா நாட்டுக்கும் பொருந்தும் முள் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

டயலுக்குள் குமிழி தெரிந்தால்? 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்திலிருந்து 1,500 மீட்டருக்கு ஏறிக் குளிரில் எடுத்தால் சின்னக் குமிழி வரலாம். கீழே இறங்கியதும் போய்விடும். கீழே வந்தும் போகாமல் நாளுக்கு நாள் பெரிதானால் திரவம் கசிகிறது. மாற்றிவிடுங்கள்.

“கோணம் சரி, காம்பஸ் சரி, ஆனால் சேர்ந்த இடம் வேறு”

நடக்க நடக்கக் கூடும் பிழை இது. சேர்வராயன் மலையில் நேர்கோட்டில் நடக்க இடமே கிடையாது. சரிவைக் குறுக்காக வெட்டி நடக்கும்போது கால் தானாகவே கீழ்ப்பக்கம் இறங்கும். ஒவ்வொரு காப்பிச் செடியையும் சுற்றும்போது மேல்பக்கம் ஏறாமல் கீழ்ப்பக்கமாகவே சுற்றுவோம். அரை மணி நேரம் இப்படிப் போனால் அடுத்த பள்ளத்துக்கே போய்ச் சேர்வோம். முள்ளைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. முள் எப்போதும் சரியாகவே இருக்கும், நீங்கள்தான் கோட்டை விட்டு இறங்கி அதற்கு இணையாகப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

எனவே முள்ளைப் பார்த்து நடக்காதீர்கள், மரத்தைப் பார்த்து நடங்கள். கோணத்தின் நேரே 30, 40 மீட்டரில் ஒரு மரத்தைப் பிடித்து, அதுவரை காம்பஸைப் பார்க்காமல் எப்படி வேண்டுமானாலும் சுற்றிப் போங்கள். இங்கே நிழலுக்கு நிற்பது சில்வர் ஓக். எல்லாம் ஒரே உயரம், ஒரே சாம்பல் பட்டை. “அந்த மரம்” என்றால் பத்து அடி போனதும் எந்த மரம் என்று தெரியாது. அடையாளம் சொல்லிப் பிடியுங்கள்: மிளகுக்கொடி பாதிவரை ஏறிக் காய்ந்துபோனது, அடியில் இரட்டையாகக் கிளைத்தது, பட்டையில் வெள்ளைப் பூஞ்சைத் திட்டு உள்ளது. மரத்தை அடைந்ததும் திரும்பிப் பார்த்துப் பின்கோணம் எடுங்கள். கிளம்பிய இடம் நேராகத் தெரிகிறதா? தெரிந்தால் கோட்டில் இருக்கிறீர்கள்.

பனி இறங்கிவிட்டால் மரமும் தெரியாது. அப்போது ஆளையே மரமாக்க வேண்டியதுதான். ஒருவர் கண்ணுக்கு மறையும் எல்லைவரை முன்னால் போக, பின்னால் நிற்பவர் காம்பஸைப் பார்த்து “கொஞ்சம் இடது, இன்னும் ஒரு அடி, நில்லு” என்று கோட்டுக்குள் கொண்டுவர, அப்புறம் இவர் அங்கே போய்ச் சேர்வது. மெதுவாகத்தான் நகரும். ஆனால் நகரும்.

பனியில் இன்னொரு வித்தை, வேண்டுமென்றே தப்பாகப் போவது. சாலையில் உள்ள ஒரு பஸ் நிறுத்தத்தைக் குறிவைத்து நேர்க்கோணத்தில் போனால், சாலையைத் தொட்டதும் நிறுத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் நிற்பீர்கள். கோணத்தில் 10 டிகிரி குறைத்து, அதாவது இடப்பக்கமாக ஒதுக்கிப் போங்கள். 1 கி.மீ. நடையில் இது 175 மீட்டர். சாலை வந்ததும் யோசிக்காமல் வலப்பக்கம் திரும்பலாம்.

எதிரே காட்டெருமை நின்றால் கோணமும் வேண்டாம், கோடும் வேண்டாம். ஏற்காட்டில் இது அரிய காட்சி கிடையாது. காப்பித் தோட்டத்துக்குள்ளேயே மேயும். சத்தமில்லாமல் வந்த வழியே பின்வாங்கி, நன்றாகத் தள்ளி வந்தபின் சதுரமாகச் சுற்ற வேண்டும். டயலைத் தொடாமலே இதைச் செய்யலாம். டயலில் மேற்கு எழுத்தில் சிவப்பு முனை நிற்கும்படி உடம்போடு திரும்பினால் உங்கள் பழைய திசைக்கு நேர் வலப்பக்கம் பார்த்திருப்பீர்கள். அப்படியே காலடி எண்ணி நடந்து, பழையபடி சிவப்பை வடக்கில் நிறுத்தி முன்னே போய், விலங்கைத் தாண்டியதும் சிவப்பைக் கிழக்கு எழுத்தில் நிறுத்தி முன்பு எண்ணிய அதே காலடி இடப்பக்கம் நடந்தால் பழைய கோட்டில் இருப்பீர்கள். எண்ணிக்கையைக் கையிலேயே எழுதிக்கொள்வது நல்லது. பதற்றத்தில் மறந்துபோகும்.

“தூரம் ஒத்துவரவில்லை”

முதலில் பிரிண்டைச் சந்தேகப்படுங்கள். பிடிஎஃப் கோப்பைக் கடையில் கொடுத்தால் “பக்கத்துக்குள் பொருத்து” என்ற அமைப்பிலேயே போட்டுக் கொடுப்பார்கள், அளவு சுருங்கிவிடும். ஸ்கேலை எடுத்து, வரைபட ஓரத்தில் 11°45′ அட்சரேகைக் கோட்டிலிருந்து 11°50′ கோடுவரை அளந்து பாருங்கள். 1:50,000 என்றால் 18.4 செ.மீ. இருக்க வேண்டும். 17.5 தான் இருக்கிறதென்றால் 1 கி.மீ.க்கு 2 செ.மீ. என்ற கணக்கு இனி செல்லாது, 1.9 தான். இதை வீட்டிலேயே பார்த்துவிட்டால் மலையில் ஒரு சண்டை மிச்சம்.

பிரிண்ட் சரியென்றால் அடுத்தது சரிவு. வரைபடத்தில் உள்ள தூரம் மேலிருந்து பார்த்த தூரம். இடது கால் தரையைத் தொடும்போது மட்டும் எண்ணினால் சமதரையில் 100 மீட்டருக்கு அறுபதைச் சுற்றி வரும். ஏற்றத்தில் எண்பதையும் தாண்டும். உங்கள் கணக்கை ஏற்றத்தில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை தனித்தனியாக எடுத்து வையுங்கள். நேரத்துக்கு, 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம் என்பது பழைய கணக்கு. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் ஏற்றத்துக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் போய்விடும். இது சும்மா நடப்பவர்களுக்கு. புகைப்படம் எடுப்பவர்கள் கூட வந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

“வரைபடத்தில் இருக்கும் தடம் தரையில் இல்லை”

இருக்காது. தோட்டத்துத் தடங்கள் கைமாறும்போதெல்லாம் மாறும். புதிய வேலி போடுவார்கள், பழைய ஜீப் தடத்தில் செடி வைப்பார்கள். மலை உச்சியில் சேர்வராயன் கோயில் பக்கம் பாக்சைட் வெட்டிய இடங்களில் தரையின் வடிவமே மாறியிருக்கும். தடத்தை நம்பாமல் ஓடை, முகடு, சரிவின் செங்குத்து ஆகியவற்றை நம்புங்கள்.

“ஏற வேண்டிய இடத்தில் இறங்குகிறது” என்பதும் இதோடு சேர்ந்ததுதான். சமவுயரக்கோடுகள் வளையும் இடத்தில் வளைவின் கூர் உயரத்தைப் பார்த்திருந்தால் அது ஓடைப் பள்ளம். தாழ்வைப் பார்த்திருந்தால் நீளும் முகடு. இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டால் மலை முழுவதும் தலைகீழாகத் தெரியும். கூர் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், தடித்த கோட்டில் எழுதியிருக்கும் உயர எண்ணைப் பாருங்கள்.

தோட்டத்தில் ஆள் இருந்தால் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேட்கும் விதம் முக்கியம். “அண்ணே, நாகலூருக்கு இப்படித்தானே போகணும்?” என்றால் “ஆமாங்க, போலாமுங்க” என்றுதான் பதில் வரும், வந்தவர் மனசு நோகக் கூடாது என்று பார்க்கிற ஊர் இது. “அண்ணே, இந்தத் தடம் எங்கங்க போகுது?” என்று கேட்டுப் பாருங்கள். தடம் எந்த ஓடையில் இறங்குகிறது, எந்த வேலியில் முட்டுகிறது, எங்கே காட்டெருமை நிற்கிறது என்பதுவரை வரும். தோட்டம் தனியார் இடம், காப்புக்காடு வனத்துறை இடம். இரண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“போனில் காட்டும் இடமும் பழைய ஷீட்டும் ஒத்துப்போகவில்லை”

பழைய ஷீட்டுகள் எவரெஸ்ட் என்ற பூமியின் கோளவடிவக் கணக்கில் வரைந்தவை. போனும் புதிய ஷீட்டுகளும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கில். ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை இரண்டிலும் குறித்தால் சேலம் பக்கம் ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி விழும், எப்போதும் ஒரே திசையில். ஏற்காடு ஏரிக்கரை போல உறுதியாகத் தெரிந்த இடத்தில் நின்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று ஒருமுறை பார்த்து ஷீட்டில் எழுதிவைத்தால் போதும்.

“மூன்று கோடும் ஒரு புள்ளியில் சேரவில்லை”

தெரிந்த மூன்று இடங்களைப் பார்த்து நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை இது. இதைப் பழக, தெளிவான நாளில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கத்து விளிம்பு அருமையான இடம். மேட்டூர் நீர்த்தேக்கம் நேர் மேற்கு. கஞ்சமலை தென்மேற்கு. ஜருகுமலை தெற்கே. மூன்றுக்கும் கோணம் எடுத்து, பின்கோணமாக மாற்றி, வரைபடத்தில் கோடு போட்டால் அவை சந்திக்கும் இடம் நீங்கள் நிற்கும் இடம். சின்ன முக்கோணமாக விழுந்தால் கவலை வேண்டாம், அதற்குள்ளோ அதை ஒட்டியோதான் இருக்கிறீர்கள். பெரிய முக்கோணமாக விழுந்தால் பெரும்பாலும் ஒரு மலையை வேறு மலையென்று நினைத்திருப்பீர்கள். ஊரை ஒட்டி அருகிலேயே நிற்கும் நகரமலையைக் கஞ்சமலை என்று எடுப்பது நடக்கக்கூடியது. சந்தேகத்துக்குரிய கோட்டை அழித்துவிட்டு மற்ற இரண்டையும் வைத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கிடையே கோணம் மிகச் சிறியதாக இருந்தால் சந்திப்பு இழுபட்டுப் போகும். 60 டிகிரிக்கு மேல் இருப்பது உத்தமம்.

இங்கேதான் ஷீட் தொல்லை மறுபடி வரும். ஏற்காடு ஷீட்டில் கஞ்சமலையும் இல்லை, ஜருகுமலையும் இல்லை. மேட்டூர் 58 ஈ வரிசையில் இருக்கிறது. ஓரங்களை வெட்டி ஒட்டி எடுத்துப் போக வேண்டும், அல்லது இதற்கென்று 1:2,50,000 அளவுள்ள சிறு வரைபடம் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். அதில் இடம் துல்லியமாகக் கிடைக்காது; எந்த மலை எது என்பது தெரியும்.

“கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் வேறு திசை வருகிறது”

மணிமுள்ளைச் சூரியனுக்கு நேரே வைத்து, பன்னிரண்டுக்கும் அதற்கும் நடுவில் தெற்கு என்று சொல்லும் முறையை இங்கே விட்டுவிடுங்கள். சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கே நிற்கும் குளிர்நாடுகளுக்கு உண்டான முறை அது. சேலத்தில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். அதிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், வடக்கே அல்ல. உதயமும் அப்படித்தான்: ஜூனில் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 12 டிகிரிதான் உயரும்; ஒரு தோட்டத்து மர வரிசை அதை மறைத்துவிடும்.

“எதுவுமே ஒத்துவரவில்லை”

சரி. முதலில் எழுதிவைத்த கடைசி உறுதியான இடத்துக்குப் பின்கோணத்தில் திரும்பிப் போக முடிகிறதா பாருங்கள். அரை மணி நேர நடைக்குள் இருந்தால் அதுதான் மலிவான தீர்வு.

முடியாவிட்டால், ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்ற பேச்சை மட்டும் கேட்காதீர்கள். சேர்வராயன் மலையின் மேல்பரப்பு மெதுவாகச் சரிந்து வந்து விளிம்பில் சட்டென்று விழும். ஓடைகளும் அங்கே விழும். ஏற்காடு ஏரியின் உபரி நீர் கிளியூர் அருவியாக விழுவது இப்படித்தான். ஏறிப் போங்கள். மேல்பரப்பில்தான் சாலைகளும் தோட்டத்து வீடுகளும் இருக்கின்றன. சேலத்தைப் பார்த்த முகட்டில் போன் சிக்னல் கிடைக்க வாய்ப்பும் அதிகம்.

அவசர உதவி எண் 112-ஐ அழைத்தால் “காட்டுக்குள்ள இருக்கோம்” என்று சொல்லி நிறுத்தாதீர்கள். கடைசியாகத் தாண்டிய கொண்டை ஊசி வளைவின் எண், தோட்டத்து கேட்டில் எழுதியிருந்த பெயர், மின்கம்பத்தில் பெயிண்டால் எழுதிய எண், போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை பேர், யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று வரிசையாகச் சொல்லுங்கள். சொன்னபின் அந்த இடத்தைவிட்டு நகராமல், ஒரு போனைத் தவிர மற்றவற்றை அணைத்து வையுங்கள்.